வரிசையில் எத்தனை பேர்?

பிப்ரவரி 9

அண்ணா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உன் மென்பொருளின் புகார்ப் பக்கத்தில் 'எறும்பு' என்ற பெயரில் ஒருத்தி பக்கம் பக்கமாக எழுதியிருந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? உங்கள் கண்காணிப்புக் கருவி காட்டுகிற காத்திருப்பு எண் தப்பாக இருக்கிறது, தயவுசெய்து பாருங்கள் என்று கெஞ்சினாளே, அவள்தான். அதற்கு நீ போட்ட பதில்: "கருவியில் பிழை இல்லை. பயன்படுத்துபவர் தன் சர்வரைக் கவனிக்கவும்." போட்ட கையோடு புகாரையும் மூடிவிட்டாய். அந்த எறும்பு நான்தான்.

சொந்தப் பெயரில் கேட்டால் சலுகை கேட்கிறாள் என்பாய். அதனால்தான் ஊராரோடு ஊராராக வந்து நின்றேன். ஊராரை நீ எப்படி நடத்துகிறாய் என்று இப்போது நன்றாகத் தெரிந்துகொண்டேன்.

போனில் கத்தியிருப்பேன். ஆனால் இங்கே போன் கிடையாது என்று உனக்கே தெரியும். வானத்திலிருந்து வருகிற சத்தம் அவ்வளவு மெல்லிசு. பக்கத்தில் ஒரு போன் சிணுங்கினாலும் அதில் மூழ்கிவிடும் என்று வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள். கம்பி வழியாகப் போகும் மின்கடிதம் மட்டும்தான் அனுமதி. ஆகவே எழுத்திலேயே திட்டுகிறேன்.

இங்கே என்ன நடக்கிறது தெரியுமா? எட்டு ரேடியோ தொலைநோக்கி டிஷ்கள் வானத்தைக் கேட்கின்றன. கேட்டதையெல்லாம் ஒரு பதிவுக் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியே என் சர்வருக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு துண்டாக, "இதை எழுதிக்கொள், இதை எழுதிக்கொள்" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அப்படி எத்தனை கோரிக்கை வரிசையில் நிற்கிறது என்று காட்டுவதுதான் உன் கருவியின் வேலை. ரெண்டு மாதமாகப் பதிவுகளில் அங்கங்கே ஓட்டை விழுகிறது. நிலையத் தலைவர் உன் கருவியின் எண்களை எல்லாம் கூட்டி, படமாக வரைந்து, சுவரில் மாட்டிவிட்டார். "சர்வர் திணறுதும்மா. எட்டையும் இது தாங்காது. அடுத்த மாசக் கடைசியிலேர்ந்து நாலு டிஷ் மட்டும் பதிவு பண்ணுங்க. மீதி நாலையும் நிறுத்திடலாம்" என்கிறார்.

நான் இந்த சர்வரோடு குடும்பம் நடத்துகிறவள். அது திணறவில்லை. உன் கருவி பொய் சொல்கிறது.

உன் தங்கை
(சந்தேகமென்றால் அண்ணியைக் கேட்டுக்கொள்)


பிப்ரவரி 14

வாலு,

உன் கடிதத்தை உன் அண்ணி சத்தமாக வாசித்தாள். 'பயன்படுத்துபவர் தன் சர்வரைக் கவனிக்கவும்' என்ற இடம் வந்ததும் நிறுத்தி, என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு நீ எழுதியதே தேவலை.

அந்த எறும்பு நீ என்று எனக்கு ஜோசியமா தெரியும்? ஆபீஸ் முடிந்து வந்து, காபி குடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் சம்பளமில்லாமல் பார்க்கிற வேலை இது. நான் எழுத ஆரம்பித்த கருவியும் இல்லை. முன்னால் பார்த்துக்கொண்டிருந்தவர் விலகினார், யாரும் முன்வரவில்லை, நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். வருகிற புகார்களில் முக்கால்வாசி, கேபிளைச் செருக மறந்தவர்கள் எழுதுவது. உன்னுடையதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. நேற்று வீட்டிலேயே ஒரு சர்வர், ஒரு ஃபோல்டர் என்று அமைத்து, உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டேன். எண் சரியாகத்தான் வருகிறது. உன் சர்வர் பழசு. நீ அதன்மேல் வைத்திருக்கிற பாசமும் பழசு. நமக்குப் பிடித்தது திணறுகிறது என்று யாராவது சொன்னால் கருவியைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். உன் தலைவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம் அல்லவா?

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கச் சொன்னாள் உன் அண்ணி.

அண்ணன்


பிப்ரவரி 17

அண்ணா,

சாப்பிட்டேன், தூங்கினேன் என்று அண்ணியிடம் சொல். உனக்குச் சொல்ல வேறு இருக்கிறது.

ஒரு சர்வர், ஒரு ஃபோல்டர் வைத்துப் பார்த்தாயாம். ஆழம் பார்க்க வாளியில் காலை விட்டிருக்கிறாய். இங்கே எட்டு டிஷ்ஷுக்கும் எட்டுத் தனி ஃபோல்டர். சர்வர் ஒன்றுதான், கம்பி ஒன்றுதான், ஆனால் பதிவுக் கம்ப்யூட்டரில் எட்டு இடத்தில் தனித்தனியாக இணைத்து வைத்திருக்கிறோம். "என் டிஷ்ஷோடது எனக்குத் தனியா வேணும்" என்று ஒவ்வொரு ஆய்வாளரும் அடம்பிடித்து வந்த பழக்கம் இது. கூட்டுக் குடும்பத்தில் ஆளுக்கொரு சோப்பு வைத்துக்கொள்வார்களே, அப்படி.

உன் கருவி காட்டியதை அப்படியே கீழே ஒட்டியிருக்கிறேன். எட்டு ஃபோல்டர், எட்டு வரி. படித்த அளவு, எழுதிய அளவு எல்லாம் வரிக்கு வரி வேறு. காத்திருப்பு எண்ணை மட்டும் பார். எட்டிலும் ஒன்றேதான், புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கம் உட்பட. ஒரு வீட்டில் எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் ஒரே டிகிரி ஜுரம் வந்தால் நீ பிள்ளைகளைச் சந்தேகப்படுவாயா, தெர்மாமீட்டரைச் சந்தேகப்படுவாயா?

பாசம் என்று கிண்டல் செய்தாய். இங்கே என்ன பதிவாகிறது என்று நீ ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா? இங்கே ஒரு ஆய்வாளர் இருக்கிறார். நெட்டை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், அவரும் திரும்பிப் பார்ப்பார். துடிக்கிற ஒரு விண்மீனைத் தேடிக்கொண்டிருக்கிறார். அது சுற்றச் சுற்ற, கலங்கரை விளக்கு மாதிரி நம் பக்கம் ஒரு வீச்சு வந்து போகுமாம். அவ்வளவு மெலிசான வீச்சு. ஒரு டிஷ்ஷில் அது வெறும் இரைச்சல். எட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்தால்தான் இரைச்சல் அடங்கி, இருந்தால் தெரியும். நாலு போதாது. நாலை நிறுத்தினால் நெட்டையின் தேடல் அத்தோடு முடிந்தது.

முதல் முறை எட்டு டிஷ்களும் சேர்ந்து திரும்பியதைப் பார்த்தபோது என் கையில் இருந்த டீ ஆறிப்போனது. வீடு அளவுக்கு ஒவ்வொன்றும். சத்தமே இல்லாமல், ஒரே நேரத்தில், ஒரே பக்கமாக முகத்தைத் திருப்பின. யாரோ கூப்பிட்டதுபோல. நான் வெறும் சர்வர் பார்ப்பவள், எனக்கு வானமும் தெரியாது மண்ணும் தெரியாது. ஆனாலும் எனக்குப் புல்லரித்தது. அதில் பாதியை ஒரு பொய் எண்ணுக்காக மூடப் போகிறார்கள் என்றால் எனக்கு வயிறு எரியாதா?

பார். தயவுசெய்து பார்.

தங்கை


பிப்ரவரி 24

வாலு,

பார்த்தேன்.

எட்டு ஃபோல்டர் வைத்தேன். எட்டு வரியிலும் ஒரே எண். ஏழு ஃபோல்டர்களை நான் தொடவே இல்லை, சும்மா கிடக்கின்றன. அவற்றின் பெயருக்கு நேராகவும் அதே காத்திருப்பு. மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். "என்னாச்சு, ஏன் இப்படி முழிக்கிறீங்க?" என்று உன் அண்ணி கேட்டாள். அவளுக்கு இப்படித்தான் விளக்கினேன்: ஒரு கவுண்டர், ஒரே வரிசை. அதில் எட்டுப் பேர் நிற்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் போய் "வரிசையில் எத்தனை பேர்?" என்று கேட்கிறேன். ஒவ்வொருவரும் சரியாக "எட்டு" என்கிறார்கள். நான் எட்டுப் பதிலையும் கூட்டி, அறுபத்து நாலு பேர் நிற்கிறார்கள் என்று ஊருக்குச் சொல்கிறேன். "யாருமே பொய் சொல்லலையே!" என்றாள். அதுதான். யாருமே பொய் சொல்லவில்லை.

காத்திருப்பு என்பது ஃபோல்டருக்குரியது இல்லை, கம்பிக்குரியது. எட்டு ஃபோல்டரும் ஒரே கம்பியில் போனால் எட்டுக்கும் சேர்த்து வரிசை ஒன்றுதான். கருவி அதை ஒவ்வொரு ஃபோல்டரின் சொந்தச் சொத்துபோல எழுதிவைக்கிறது. யாராவது கூட்டினால் போச்சு. உன் தலைவர் கூட்டினார். படம் வரைகிற எல்லா மென்பொருளும் கூட்டும்.

இந்தக் கருவி எங்கெங்கே ஓடுகிறது என்று யோசித்தால் தலை சுற்றுகிறது. எத்தனை ஆபீஸில், எத்தனை பேர் இந்த எண்ணைப் பார்த்து நல்ல சர்வரைத் தூக்கிப் போட்டிருப்பார்களோ. நான் இதுவரை எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு விண்மீன் இருக்கக்கூடும் என்று கனவிலும் நினைத்ததில்லை. நீ எழுதியதைப் படித்த பிறகு, ஒவ்வொரு வரியையும் தொடும்போது கை கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது.

உன்னைத்தான் நம்பியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள். திருத்தத்தை இணைத்திருக்கிறேன். இனிமேல் கம்பிக்கு ஒரு தனி வரி வரும். ஃபோல்டர்கள் தங்கள் சொந்தக் கதையை மட்டும் சொல்லும்.

அண்ணன்


மார்ச் 3

அண்ணா,

திருத்தம் போட்டேன். எண் சரிந்தது. மலைபோல இருந்த வரிசை காணாமல் போய்விட்டது, எண்ணி ரெண்டோ மூணோ கோரிக்கைதான் நிற்கிறது. சந்தோஷத்தில் அறைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். ஐந்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

ஏன் என்று கேட்கிறாயா? திருத்தத்தோடு ஒரு குறிப்பு எழுதியிருக்கிறாயே, அதில் கடைசி வரி என்ன? "இந்தப் பிழையைக் கண்டுபிடித்தது என் அருமைத் தங்கை." உலகமே படிக்கிற இடத்தில்! அருமையாம், அருமை!

தலைவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு அதை ரெண்டு முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏம்மா, சர்வர் நல்லா இருக்குன்னு தங்கச்சி சொல்றா. உடனே அண்ணன் எண்ணைக் குறைச்சு அனுப்பறார். இதை நான் மேலே எப்படிச் சொல்றது? குடும்பத்துல எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டோம்னா?"

அவர் கெட்டவர் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அதனால்தான் இன்னும் எரிகிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாக இருக்கிறது. அந்த வரியை முதலில் எடு.

நெட்டை வந்தார். என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "பரவாயில்லைம்மா, அது அங்கதான் இருக்கும், எங்கேயும் போகாது" என்றார். எட்டு டிஷ்ஷும் கிடைக்கிறவரைதான் அவரால் கேட்க முடியும். அதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

தங்கை


மார்ச் 8

வாலு,

அந்த வரியை எடுக்க முடியாது. ஒருமுறை சேர்த்த குறிப்பு நிரலின் வரலாற்றில் அப்படியே நிற்கும். நான் போன பிறகும் நீ என் அருமைத் தங்கையாகத்தான் இருப்பாய். பெருமைப்பட எழுதினேன், உன் தலையில் கல்லாக விழுந்துவிட்டது. உன் அண்ணி என்னோடு ரெண்டு நாள் பேசவில்லை.

ஆனால் வேறொன்று செய்தேன். இந்தத் திருத்தத்தில் முடிவெடுக்கும் உரிமை எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கருவியைப் பார்த்துக்கொள்கிற இன்னும் ரெண்டு பேர் இருக்கிறார்கள். எந்த நாடு, ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. ஒருவர் 'ஆந்தை', இன்னொருவர் பெயரே வைத்துக்கொள்ளவில்லை. ரெண்டு பேரும் யார் பெண்டாட்டி பிள்ளைக்கும் இரக்கம் காட்டாதவர்கள். "இதை உடைத்துக் காட்டுங்கள்" என்று அவர்களிடம் கொடுத்தேன்.

உடைத்துவிட்டார்கள். என் திருத்தத்தை இல்லை, அதற்குக் கீழே இருந்த இன்னொன்றை. பத்து வினாடிக்கு ஒருமுறை எண்ணு என்று கருவியிடம் சொல்கிறோம். கம்ப்யூட்டருக்கு மூச்சு விட நேரமில்லாதபோது அது பதினாலாம் வினாடியில்தான் கண் விழிக்கிறது. விழித்து, பதினாலு வினாடியில் வந்த கூட்டத்தைப் பத்தால் வகுக்கிறது! வேலை அதிகமாக அதிகமாகப் பொய்யும் அதிகமாகும். உன் தலைவர் எப்போது பார்த்திருப்பார்? டிஷ்கள் முழு மூச்சில் ஓடும்போதுதான். அந்தப் பெயரில்லாதவர் இதை ஒரே வரியில் எழுதிக் காட்டியிருந்தார். நான் வாயைப் பிளந்தேன். முகம் தெரியாத ஒருவர், தன் வேலையை விட்டுவிட்டு, யாருக்காகவோ ஒரு வகுத்தல் கணக்கை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். உலகத்தில் இப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ரெண்டையும் சேர்த்து அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். என் கை அதில் இல்லை. அப்படியும் உன் தலைவர் நம்ப வேண்டாம். நீயும் நம்பாதே. கம்பியில் போவதையே நேராகப் பிடித்து எண்ணு. எங்கள் கருவியைத் தொடாமல் எண்ணு. ஒத்துப்போனால் காட்டு. ஒத்துப்போகாவிட்டால் முதலில் எனக்குச் சொல், நான் தலையில் முக்காடு போட்டுக்கொள்கிறேன்.

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

ஒத்துப்போகிறது.

கம்பியில் பிடித்ததையும் புதுக் கருவி சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நான் எண்ணவில்லை, தலைவரையே எண்ண விட்டேன். அவர் காகிதத்தில் கோடு போட்டு எண்ணுகிற ஆள். முடித்ததும் பேனாவை மூடி, "அப்போ ஓட்டை எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டார். அதுதான் கேள்வி. சர்வர் குற்றவாளி இல்லை என்றானதும்தான் எல்லோருக்கும் வேறு பக்கம் பார்க்கத் தோன்றியது. ஓட்டை முக்கால்வாசி நாலாம் டிஷ்ஷின் பதிவில்தான் என்று தெரிந்தது. அதிலிருந்து வருகிற கேபிளோடு கூடவே நடந்து பார்த்தோம். பாதி வழியில் ஒரு இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் கசிந்து பச்சை பிடித்துக் கிடந்தது. வெயில் ஏறினால் சரியாகும், ஈரம் வந்தால் போகும். இத்தனை நாள் அந்தப் பொய் வரிசையைப் பார்த்துக்கொண்டு யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மாற்றிவிட்டோம்.

இப்போது உண்மையான விஷயம். தலைவர் ஒரே ஒரு வாய்ப்புத் தந்திருக்கிறார். நாளை மறுநாள், எட்டு டிஷ்ஷும், முழுப் பதிவு, நெட்டையின் விண்மீன். "ஒரு துளி போனாலும் நாலுதான்மா, அதுக்கப்புறம் பேச்சே இல்லை. பொறுப்பு உங்களோடது, கையெழுத்து போட்டுக் கொடுங்க" என்றார்.

காகிதம் முன்னால் இருக்கிறது. இத்தனை நாள் சிங்கம்போல உறுமிவிட்டு, இப்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மூடிக்கொண்டிருக்கிறேன். நான் தப்பாக இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது, திட்டு வாங்குவேன், அவ்வளவுதான். நெட்டை அல்லவா இழக்கப் போகிறார். அண்ணனாகச் சொல்லாதே. கருவியைப் பார்த்துக்கொள்கிறவனாகச் சொல். நீயாக இருந்தால் போடுவாயா?

தங்கை


மார்ச் 20

வாலு,

கேட்ட கேள்விக்கு நேற்றே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதாமல் எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து மறுபடி போட்டேன். ஆந்தையிடம் கேட்டேன். "என் தங்கைக்காகக் கேட்கிறேன்" என்று சொல்லாமல் கேட்டேன், பாடம் படித்துவிட்டேன். "எண் சரி" என்று மட்டும் பதில் வந்தது.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த சர்வர் தாங்கும் என்று கருவி இல்லாமலே தெரிந்து வைத்திருந்தவள் நீ. கருவி இப்போதுதான் உன் பக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

போடு கையெழுத்தை.

அண்ணன்


மார்ச் 22

அண்ணா, அண்ணி,

இதை உங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அண்ணி, சத்தமாக வாசியுங்கள்.

விண்மீன் என்றால் இருட்டில்தான் என்று நினைத்திருந்தேன். இல்லை. நேற்று நல்ல உச்சி வெயில். வானத்தில் சூரியனைத் தவிர ஒன்றும் இல்லை, ஒரு மேகம்கூட இல்லை. அந்த வெறும் நீலத்தைப் பார்த்து எட்டு டிஷ்களும் திரும்பி நின்றன. "அங்கேதான்" என்று நெட்டை கையைக் காட்டினார். பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அங்கேயிருந்து அந்த வீச்சு வந்துகொண்டுதான் இருந்தது. என் தலைமேல், டிஷ்மேல், வாசலில் படுத்திருந்த நாய்மேல் எல்லாம் விழுந்துகொண்டிருந்தது. எல்லா நாளும் அப்படித்தான் விழுந்துகொண்டிருக்கிறதாம், நமக்குத்தான் தெரியாதாம். கேட்டதும் நான் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பதிவு தொடங்கியதும் நான் திரையை விட்டு அசையவில்லை. தலைவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. எட்டு ஃபோல்டரும் நிரம்ப நிரம்ப, எழுதிய அளவு ஏறியது. நான் இதுவரை பார்க்காத வேகம். நம்ம சர்வர், அந்தப் பழசு, விசிறிச் சத்தம்கூட மாறாமல் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. ஒரு துளி போகவில்லை. ஓட்டை இல்லை. முடிந்ததும் தலைவர் என் தோளைத் தட்டப்போய், தட்டாமல், "நல்லதும்மா" என்று மட்டும் சொன்னார். சுவரில் இருந்த படத்தை அவரே கழற்றினார். எட்டும் இருக்கும், அண்ணா. எட்டும் இருக்கும்.

அதன்பிறகு நெட்டை கூப்பிட்டார். முதலில் நாலு டிஷ்ஷை மட்டும் சேர்த்துக் காட்டினார். மணல் கொட்டின மாதிரி இரைச்சல். ஐந்தாவதைச் சேர்த்தார், ஒன்றுமில்லை. ஆறு, ஏழு. அப்போதும் மணல்தான். எட்டாவது சேர்ந்ததும் மணலுக்கு நடுவில் ஒரு மேடு எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. சம இடைவெளியில், வரிசையாக. நாடித் துடிப்பு மாதிரி. நெட்டை வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதார், எனக்கும் அழுகை வந்தது. ஏனென்றே தெரியாமல் தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இது எப்போ கிளம்பினது?" என்று கேட்டேன். "மனுஷங்க எழுதவே ஆரம்பிக்காத காலம்மா" என்றார் நெட்டை. படிப்பதற்கு எழுத்து இல்லை, எண்ணுவதற்கு எண் இல்லை, அப்போதே புறப்பட்டுவிட்டது. யார் கேட்கப் போகிறார்கள் என்று தெரியாமல் வந்துகொண்டே இருந்திருக்கிறது.

பிறகு என் இடத்துக்குத் திரும்பி வந்து உன் கருவியைப் பார்த்தேன், அண்ணா. அந்தத் துடிப்பு வந்து விழுந்த நிமிஷத்துக்கு நேராக, நீயும் உன் ஆந்தையும் பெயரில்லாதவரும் சேர்ந்து திருத்திய அந்தத் தனி வரி. வரிசையில் எத்தனை பேர் என்று பார்த்தேன். சைபர். அவ்வளவு காலம், அவ்வளவு தூரம் நடந்து வந்தது; நம் வாசலில் ஒரு நொடிகூட நிற்கவில்லை, நேரே உள்ளே வந்துவிட்டது.

உன் அருமைத் தங்கை